கென்யா முறையில் காபி பதப்படுத்தல்: இரண்டாவது ஊறல் உண்மையிலேயே தேவையா?

சேர்வராயன்:
எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டுல எங்களுக்கு நாலு ஏக்கர் காபி இருக்கு. எல்லாம் அராபிக்கா. மேல சில்வர் ஓக், அதுல மிளகுக் கொடி. பழத்தை அன்னிக்கே பல்ப்பர்ல (தோல் உரிக்கிற மெஷின்) விட்டு, ராத்திரி தொட்டியில நொதிக்கப் போட்டு, காலையில கழுவிக் களத்துல கொட்டிடுவோம். அப்பா காலத்துலேர்ந்து இதேதான்.

சென்னையில காபி வறுத்து விக்கிற ஒருத்தர், "கென்யாக்காரங்க மாதிரி ரெண்டு தடவை ஊறப்போட்டுக் கொடுங்க, கிலோவுக்கு நூறு ரூபா சேர்த்துத் தரேன்"ங்கிறார். வீடியோ நாலஞ்சு பார்த்தாச்சு. ஒருத்தர் 72 மணி நேரம்ங்கிறார், இன்னொருத்தர் தண்ணியே படக்கூடாதுங்கிறார். கென்யா எஸ்டேட்ல வேலை பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. எங்க கிணத்துல தண்ணி அளவாத்தான் இருக்கு, அதான் சட்டுனு சரின்னு சொல்லப் பயமா இருக்கு.

டிகாஷன்தாசன்:
ஆசைப்பட்டு கென்யா ஏஏ (பெரிய கொட்டைத் தரம்) கால் கிலோ வாங்கினேன். பித்தளை ஃபில்டர்ல போட்டு, திக்கா டிகாஷன் இறக்கி, பால் ஊத்திக் கொடுத்தேன். வீட்டுல ஒரு வாய் குடிச்சுட்டு "பால் திரிஞ்சுடுச்சா?"ன்னு கேட்டாங்க. இந்தப் புளிப்புக்கா நூறு ரூபா கூட? அப்புறம் டம்ளர் கழுவப் போயிடுச்சு. மன்னிக்கணும், நடத்துங்க.

திக்கா_ரிட்டர்ன்:
சேர்வராயன் தம்பி, கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

கென்யாவுல கியாம்பு பக்கம், ருயிருவுக்கும் திக்காவுக்கும் நடுவுல ஒரு எஸ்டேட்ல எட்டு வருஷம் இருந்தேன். போனது கணக்கு எழுத. ஆனா அக்டோபர்ல பெரிய பறிப்பு ஆரம்பிச்சா டிசம்பர் வரைக்கும் ஆபீஸ்ல ஒரு ஆள் உக்கார முடியாது. எல்லாரையும் ஃபாக்டரிக்கு இழுத்துடுவாங்க. அங்கே ஃபாக்டரின்னா பல்ப்பர், தொட்டி, கால்வாய், காயவைக்கிற மேசை, இவ்வளவுதான்.

முதல்ல ஒரு விஷயம். கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 1600 மீட்டர். சிவப்பு மண், எவ்வளவு தோண்டினாலும் சிவப்பு. நிழல் மரம் கிடையாது. வரிசை வரிசையா செடி வெயில்ல நிக்கும். உங்க சில்வர் ஓக் அங்கேயும் இருக்கு, ஆனா எல்லையில காத்துத் தடுப்பா. கிரெவிலியான்னு கூப்பிடுவாங்க. முதல் நாள் அதைப் பார்த்ததும் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்துச்சு.

மழை அங்கே ரெண்டு தடவை. மார்ச்லேர்ந்து மே வரை நீள மழை, அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரை குட்டை மழை. மழை ரெண்டுன்னா பூவும் ரெண்டு, பறிப்பும் ரெண்டு. ஒரே கிளையில பூ, பச்சைக்காய், மஞ்சள், சிவப்பு நாலும் ஒண்ணா நிக்கும். அதனால உருவிப் பறிக்கவே முடியாது. பத்துப் பதினாலு நாளைக்கு ஒரு தடவை அதே செடிக்குத் திரும்பி வந்து, சிவந்ததை மட்டும் ஒவ்வொண்ணா எடுக்கணும்.

கூலி டெபே கணக்கு. டெபேன்னா 20 லிட்டர் தகர டின், நம்ம பழைய எண்ணெய் டின் மாதிரி. மதியம் ரெண்டு மணிக்கு மேல பறிச்சவங்க எல்லாம் சாக்கை விரிச்சு, அவங்கவங்க பழத்தை அவங்களே கொட்டிப் பொறுக்கணும். பச்சை, அரைப்பழம், கறுத்தது, பூச்சி குத்தினது எல்லாம் வெளியே. அது முடிஞ்சாத்தான் டின்ல அளப்பாங்க. கழிச்சதை அப்படியே பழமா காயவைப்பாங்க, அதுக்கு ம்புனின்னு பேரு. ஏலத்துல அடிமட்ட விலை.

பொறுக்குற இடத்துல ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும். பார்க்கவே மாட்டாங்க. பேசிக்கிட்டே கையால துழாவுவாங்க, பச்சைக்காய் விரல்ல பட்டதும் எடுத்துத் தோளுக்குப் பின்னாடி போட்டுடுவாங்க. நான் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பொறுக்கின சாக்குல, எனக்கு அப்புறம் அவங்க கை விட்டு ஒரு பிடி பச்சை எடுத்தாங்க. எடுத்து என் சட்டைப் பையில போட்டாங்க!

சாயங்காலமே பல்ப்பர். தோல் உரிஞ்ச கொட்டை தண்ணியோட ஒரு பிரிப்பானுக்குள்ள போகும், ஆகார்டுன்னு சொல்வாங்க. கனமானது அடியில தங்கும், லேசானது மிதந்து ஒதுங்கும். முதல் தரம், ரெண்டாம் தரம், மிதப்பு, மூணும் அங்கேயே வேற வேற தொட்டிக்குப் பிரிஞ்சுடும். அப்புறம் தண்ணியை வடிச்சுட்டு, மேல மூடி, வெறும் கொட்டையா நொதிக்க விடுவாங்க. எத்தனை மணி நேரம்னு கேட்காதீங்க. ஜூலைக் குளிர்ல ஒண்ணரை நாள்கூட ஆகும், வெயில் காலத்துல பன்னெண்டு மணியில முடிஞ்சுடும். கடிகாரத்தைப் பார்க்கிறவன் கெட்டான். ஒரு பிடி எடுத்துத் தேய்ச்சா வழுவழுப்பு போய், ஆத்துக் கூழாங்கல் மாதிரி கறகறன்னு சத்தம் வரணும். ஒரு குச்சியைக் குவியல்ல குத்தி எடுத்தா குழி மூடாம நிக்கணும். அதுதான் கணக்கு.

கழுவுறது நீளமான சிமெண்ட் கால்வாய்ல. மரப் பலகையால தண்ணி வர்ற திசைக்கு எதிரா தள்ளித் தள்ளிக் கழுவுவாங்க. கனமான கொட்டை அடியில நிக்கும், மிச்சசொச்ச மிதப்பு ஓடிடும். இதுக்கு அப்புறம்தான் உங்க 'இரண்டாவது ஊறல்'. சுத்தமான தண்ணியில மூழ்கி இருக்கிற மாதிரி ஒரு நாள். கொட்டை நடுக்கோட்டுலயும் வெள்ளித்தோல்லயும் ஒட்டியிருக்கிற பழுப்புச் சாயம் இறங்கி, பச்சைக்கொட்டை பளிச்சுனு வரும்.

ஆனா ஒரு உண்மையும் சொல்லணும். எங்க எஸ்டேட்ல பல நாள் ஊறப்போட்டதுக்குக் காரணம் ருசி இல்லை. மேசை காலி இல்லை! நவம்பர் நடுவுல பழம் குவியும், மழையும் கொட்டும், மேசை எல்லாம் ஈரம். கொட்டையைத் தண்ணிக்கு அடியில வெச்சா இன்னும் ஒரு நாள் கெடாம நிக்கும், தண்ணியை மட்டும் மாத்திக்கிட்டே இருக்கணும். மேனேஜர் வெளிநாட்டு வியாபாரிகிட்ட "இது எங்க பாரம்பரியம்"னு சொல்லும்போது நானும் ஃபாக்டரி ஃபோர்மனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவோம்.

காயவைக்கிறது தனிக் கதை. அதை அப்புறம் எழுதறேன், கரண்ட் போகப் போகுது.

சேர்வராயன்:
அண்ணா, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். எங்க ஆளுங்க மூணு நாலு தடவைதான் ஒரு செடிக்குப் போறாங்க. கடைசி ரவுண்டுல உருவிடுவாங்க. அப்போ ஊறல் மட்டும் செஞ்சு பிரயோஜனம் இல்லையா?

தாண்டிக்குடி:
முப்பத்தைந்து வருடம் காபி போட்டவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். கழுவிய பின் தண்ணீரில் ஊறவைப்பதைக் கென்யாக்காரன் கண்டுபிடித்த மாதிரி எல்லோரும் பேசுவது வேடிக்கை. நம் பக்கம் பெரிய தோட்டங்களில் அது எப்போதோ உண்டு. கழுவிய காபிக்கு 'பிளான்டேஷன்' என்று பெயர் வைத்து விற்றவர்கள் நாம்.

கென்யா ருசிக்குக் காரணம் ரகம். எஸ்.எல்.28, எஸ்.எல்.34. 1930களில் நைரோபிக்கு அருகே ஸ்காட் ஆய்வகத்தில் தேர்ந்தெடுத்தவை. எஸ்.எல். என்ற முதலெழுத்தே அந்த ஆய்வகத்தின் பெயர்தான். வறட்சி தாங்குகிறது என்று தான்சானியாப் பக்கம் பார்த்த செடியிலிருந்து வந்தது 28. அந்தக் கொட்டையை எப்படிக் கழுவினாலும் அந்தப் புளிப்பு வரும். தம்பி தோட்டத்தில் இருப்பது வேறு. குதிரை வேறாக இருக்கும்போது சேணத்தை மாற்றி என்ன ஆகப்போகிறது?

இன்னொன்று. நாமும் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம். மைசூர்ப் பக்கத் தோட்டத்தில் கண்டெடுத்த கென்ட் ரகம் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. தான்சானியாவின் கேபி423 ரகம் அந்த வழியில் வந்ததுதான்.

திக்கா_ரிட்டர்ன்:
ஐயா, ரகம் முக்கியம்னு ஒத்துக்கறேன். ஆனா அதே எஸ்.எல்.28 ம்புனியா காஞ்சா ஏலத்துல என்ன விலைக்குப் போச்சுன்னு என் கையாலதான் எழுதினேன். ஒரே செடி, ஒரே நாள், ஒரே பறிப்பு. விலை பாதிகூட இல்லை. அந்தக் குதிரைக்குச் சேணமும் வேணும்.

வறுகடலை:
நான் புதுசா வறுக்கக் கத்துக்கறவன். நைரோபியில ஒரு ஃப்ரெண்ட் இருக்கான், பொங்கலுக்கு ஊருக்கு வர்றான். எஸ்.எல்.28 விதை ஒரு கைப்பிடி பையில போட்டுக்கிட்டு வரச் சொல்லட்டுமா? சேர்வராயன் அண்ணா தோட்டத்துல நட்டுப் பார்க்கலாம்.

திக்கா_ரிட்டர்ன்:
தயவுசெஞ்சு வேணாம். விளையாட்டுக்குக்கூட வேணாம்.

அங்கே காய் அழுகல் நோய்னு ஒண்ணு இருக்கு. ஒரு பூஞ்சை. கென்யாவுலதான் 1922ல முதல்ல கண்டாங்க. பச்சைக்காய் மேல கறுப்பா பள்ளம் விழுந்து, ரெண்டு வாரத்துல உள்ள இருக்கிற கொட்டையோட காஞ்சு கருகிடும். இன்னிக்கு வரைக்கும் அது ஆப்பிரிக்காவைத் தாண்டலை. அந்த ஒரு நோய்க்காகவே எங்க எஸ்டேட்ல மழைக்கு முன்னாடியிலேர்ந்து தாமிர மருந்து அடிப்பாங்க, மழை நடுவுலயும் அடிப்பாங்க. செலவுக் கணக்கைப் பார்த்தா கூலிக்கு அடுத்த வரி மருந்துதான். எஸ்.எல்.28க்கு அந்த நோயைத் தாங்குற சக்தியும் கிடையாது. அதுக்காகவே ருயிரு ஆராய்ச்சி நிலையத்துல 1985ல ருயிரு 11, 2010ல பாட்டியன்னு வேற ரகம் விட்டாங்க. விதையைப் பையில போட்டுக்கிட்டு வர்றதுன்னா நோயையும் கூட அழைக்கிறதா ஆயிடலாம். வெளிநாட்டு விதைக்கு முறையான தனிமைப் பரிசோதனை இருக்கிறதே இதுக்குத்தான்.

மலையகக்_கோப்பி:
நான் ஹட்டன் பக்கம். விதை கொண்டுவரலாமான்னு தம்பி கேட்ட கேள்விக்கு எங்கட ஊர்தான் பதில்.

இலங்கையில ஒரு காலம் தேயிலையே இல்லை, எல்லாம் கோப்பி. எங்கட பாட்டன் பூட்டன்மார் மன்னார்ப் பக்கம் வந்திறங்கி, காட்டுவழி நடந்து மாத்தளைக்குப் போனது கோப்பி பறிக்கத்தான். பறிப்பு முடிய ஊருக்குத் திரும்பிருவாங்க. 1869ல இலைத் துரு நோய் பிடிச்சது. இலைக்கு அடியில ஆரஞ்சுத் தூள், அவ்வளவுதான். இருபது வருஷத்துல ஒரு நாட்டுக் கோப்பியே போயிட்டுது. பிறகு தேயிலை வந்தது, அதுக்கு வருஷம் பூரா கொழுந்து எடுக்கணும், சனம் தோட்டத்து லயத்திலேயே (வரிசை வீடுகள்லேயே) நின்டுட்டுது. நான் இங்க பிறந்ததுக்கே ஒரு பூஞ்சை காரணம்னு சொல்லலாம். விதையை வைச்சு விளையாடாதீங்க.

வறுகடலை:
தெரியாம கேட்டுட்டேன். ஃப்ரெண்ட் கிட்ட வறுத்த காபி மட்டும் வாங்கிட்டு வரச் சொல்றேன்.

தாண்டிக்குடி:
இதில் திக்கா சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். கூடவே ஒன்று. கென்யாவைப் பார்த்து நிழல் மரத்தை வெட்டிவிடாதீர்கள். வெயில் விழுந்த அராபிக்காவில் நம் ஊர் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் பூச்சி எப்படிப் புகுந்து விளையாடும் என்று ஏற்காட்டுக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

திக்கா_ரிட்டர்ன்:
விட்ட இடத்துலேர்ந்து. காயவைக்கிறது.

களத்துல இல்லை, மேசையில. இடுப்பு உயரத்துக்கு மரக்கால், மேல கம்பி வலை, அதுக்கு மேல சாக்குத் துணியோ நைலான் வலையோ. காத்து கீழேயிருந்தும் போகும். ஊறல்லேர்ந்து எடுத்த கொட்டையில தண்ணி பாதிக்கு மேல, 55 சதவீதம் இருக்கும். அதை ஒரே நாள்ல 45க்குக் கொண்டு வரணும், ரொம்ப மெல்லிசா பரப்பி. இதுல தாமதமானா புளிச்ச வாடை ஏறிடும்.

அடுத்தது வெள்ளை நிலை. 44லேர்ந்து 33 வரைக்கும். இங்கேதான் ஆத்திரப்படக்கூடாது. உச்சி வெயில் பட்டா மேல்தோல் வெடிச்சுடும். அதனால பதினொரு மணிக்கு மேல துணியைப் போட்டு மூடுவாங்க, மூணு மணிக்குத் திறப்பாங்க. அதுக்கு அப்புறம் கொட்டை உள்ளே கறுத்துத் தெரியும், கறுப்பு நிலைன்னு பேரு. இப்போ வெயில் வேணும். அந்த நீலப்பச்சை நிறம் இந்த வெயில்லதான் வருதுன்னு ஃபோர்மன் அடிச்சுச் சொல்வார். கடைசியா 11 சதவீதத்துக்கு வந்ததும் காத்தோட்டமான பெட்டியில கொட்டி ஆறவிடுவாங்க. எல்லாம் சேர்த்து ரெண்டு வாரம், மழைன்னா மூணு. மழை வாடை வந்ததும் மேசைக்கு மேசை பிளாஸ்டிக் ஷீட்டோட ஓடறது இருக்கே, அது எங்களுக்கு உடற்பயிற்சி.

இனி என் தப்பு ஒண்ணு சொல்றேன், உங்களுக்கு உபயோகப்படும்.

மூணாவது வருஷம், ஒரு சனிக்கிழமை. ஃபோர்மன் லீவு. கழுவி முடிச்ச தொட்டியை அலசுறதை நான்தான் மேற்பார்வை பார்த்தேன். தண்ணி விட்டாங்க, துடைப்பம் போட்டாங்க, பார்க்கச் சுத்தமா இருந்துச்சு. தொட்டி மூலையில, வடிகால் தட்டிக்குப் பின்னாடி ஒரு பிடி கொட்டை தங்கியிருந்ததை நான் குனிஞ்சு பார்க்கலை. அதே தொட்டியில அன்னிக்குச் சாயங்காலம் புதுக் கொட்டை விழுந்துச்சு. பழைய ஒரு பிடி இன்னும் ஒண்ணரை நாள் சேர்ந்து புளிச்சு, அழுகி, புதுசோட கலந்து மேசைக்குப் போயிடுச்சு. காஞ்சப்புறம் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனா ஏலத்துக்கு முன்னாடி ருசி பார்க்கிறவர் கப்பை மூக்குக்கிட்ட கொண்டு போனவுடனே கீழே வெச்சுட்டார். அந்த மொத்த லாட்டும் தரம் இறங்கிப் போச்சு. நைரோபி ஏலம் செவ்வாய்க்கிழமை நடக்கும். அந்தச் செவ்வாய் நான் சாப்பிடவே இல்லை. ஃபோர்மன் என்னைத் திட்டலை. மறுநாள் தொட்டிக்குள்ள இறங்கி, கையால மூலையைத் தடவிக் காட்டினார், அவ்வளவுதான்.

தம்பி, ஊறல் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி உங்க தொட்டி மூலையை ஒரு தடவை தடவிப் பாருங்க.

சேர்வராயன்:
படிச்சவுடனே டார்ச் எடுத்துக்கிட்டுப் போனேன். பல்ப்பர் உருளைக்குக் கீழே ஒரு கைப்பிடி இருந்துச்சு. போன வாரத்துது. வாடை இன்னும் விரல்ல இருக்கு.

டிகாஷன்தாசன்:
அந்த எஸ்டேட் இப்போ எப்படி இருக்கு சார்?

திக்கா_ரிட்டர்ன்:
பாதி வீட்டு மனை. ரோட்டோரத்துப் பக்கம் பூரா சுவர் எழுப்பி, வளைவு வெச்சு, "இயற்கையோடு வாழுங்கள்"னு போர்டு. நைரோபிக்கு ரொம்பப் பக்கம், அதான் சாபம். காபியில இருபது வருஷத்துல வர்றது நிலம் வித்தா ஒரே கையெழுத்துல வருது. 1987-88 பருவத்துல கென்யா மொத்தமா 1 லட்சத்து 25 ஆயிரம் டன்னுக்கு மேல எடுத்துச்சு. 1989ல உலகக் காபி ஒப்பந்தத்தோட ஏற்றுமதிப் பங்கீடு உடைஞ்சு விலை சரிஞ்சதுலேர்ந்து இறங்குமுகம்தான். இப்போ ஐம்பதாயிரம் டன்னைச் சுத்தி நிக்குது. நான் எழுதின கணக்குப் புத்தகத்துல மகசூல் வருஷா வருஷம் மெலிஞ்சுக்கிட்டே வந்துச்சு.

சேர்வராயன்:
(ஏழு வாரம் கழிச்சு) சோதனை பண்ணியாச்சு. எழுதாம விட்டா தப்பு.

மூணு பிளாஸ்டிக் டிரம், ஒவ்வொண்ணுலயும் 40 கிலோ பழத்தோட கொட்டை. முதல் டிரம்: எப்பவும் போல, பொறுக்காம, ஊறல் இல்லாம. ரெண்டாவது: பச்சை, அரைப்பழம் எல்லாம் கையால பொறுக்கி, ஊறல் இல்லாம. மூணாவது: அதே மாதிரி பொறுக்கி, கழுவினப்புறம் 24 மணி நேரம் தண்ணிக்கு அடியில. பொறுக்கினதுல கழிஞ்ச எடைக்கு ஈடா வேற நல்ல பழம் போட்டேன்.

டிசம்பர்க் குளிர்ல நொதிக்க 30 மணி ஆச்சு. இத்தனை வருஷம் நாங்க பன்னெண்டு மணியில கழுவினது பாதி வழுவழுப்போடதான்னு இப்போதான் தெரியுது. அப்பாகிட்ட சொன்னேன், பதில் சொல்லலை. கோழிவலை வாங்கி, பழைய கட்டில் சட்டத்துல அடிச்சு மேசை பண்ணினேன். வலை தொங்கிடுச்சு, நடுவுல ஒரு குறுக்குக் கட்டை கொடுக்கணும். காயறதுக்கு 16 நாள். தோல் நீக்கினப்புறம் ஒவ்வொண்ணுலயும் ஆறரை கிலோ சுத்தி வந்துச்சு.

சென்னைக்காரர்கிட்ட எது எதுன்னு சொல்லாம, நம்பர் போட்டு அனுப்பினேன். கடையில நாலு பேர் ருசி பார்த்திருக்காங்க. நாலு பேருமே ஒண்ணாம் நம்பரை, அதான் பொறுக்காததை, வேணாம்னு ஒதுக்கிட்டாங்க. ரெண்டுக்கும் மூணுக்கும் வித்தியாசம் கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பச்சைக்கொட்டை பார்க்க மட்டும் மூணாவது அழகா இருக்கு, அது நிஜம்.

தாண்டிக்குடி:
மூன்று டிரம்மை வைத்து முடிவு கட்டாதீர்கள். அடுத்த பருவமும் செய்யுங்கள். ஆனால் மறைத்து நம்பர் போட்டுக் கொடுத்தது நல்ல வேலை, இதை நான் என் தோட்டத்தில் செய்திருக்க வேண்டும்.

திக்கா_ரிட்டர்ன்:
பொறுக்க எத்தனை பேர், எவ்வளவு நேரம் ஆச்சு?

சேர்வராயன்:
80 கிலோவுக்கு நானும் அம்மாவும் மூணு மணி நேரம். கூலிக்கு ஆள் வெச்சா பறிப்புக் கூலியில கால்வாசி இதுக்கே போயிடும். சென்னைக்காரர்கிட்ட, "ஊறலுக்கு நூறு வேணாம், பொறுக்குறதுக்குக் கொடுங்க"ன்னு கேட்டேன். "பாக்கெட்ல டபுள் வாஷ்னு போட்டாத்தான் விக்கும் சார்"ங்கிறார். இன்னும் பேசிக்கிட்டிருக்கோம்.